செல்விக்கு அம்மை வந்ததா?

“அம்மை போட்ட வீட்டுக்குள்ள போயிட்டு நேரா அடுப்படிக்கு வாரியே, இங்கன இருக்கிற நாங்கள்லாம் மனுசங்களா, இல்ல ஆடு மாடா?”

கேட்டவர் என் மாமியார். நானோ கொல்லையிலேயே குளித்து, சேலையை வெந்நீரில் முக்கிவிட்டு வந்து நிற்கிறேன்.

இல்லத்தரசி வேலைக்குச் சம்பளம் கிடையாது, லீவு கிடையாது. உங்களுக்குச் சொல்லவா வேண்டும். திருத்தங்கலில் எங்கள் தெருவில் எனக்குக் கூடுதலாக ஒரு டியூட்டி. எந்த வாசலில் வேப்பிலை தொங்கினாலும் கஞ்சித் தூக்கோடு நான்தான் உள்ளே போக வேண்டும்.

ஹாஸ்டல் அறை

எட்டு வயதில், மதுரை கான்வென்ட் ஹாஸ்டலில் எனக்கு அம்மை. கூட இன்னும் நாலு பேர். எங்களை ஒரே அறையில் போட்டுவிட்டார்கள். ஒரு சிஸ்டர் மட்டும் எங்கள் நடுவிலேயே உட்கார்ந்து, கொப்புளத்தைச் சொறிகிற கைகளை ஸ்கேலால் தட்டிக்கொண்டிருந்தார். அவர்மேல் ஒரு புள்ளிகூட வரவில்லை. சிஸ்டரின் முறைப்புக்கு அம்மையே பயந்துவிட்டது என்று நினைத்தேன். கேட்டேவிட்டேன்.

“எனக்குச் சின்னதுலயே வந்திருச்சு. என் உடம்புக்கு அது மூஞ்சி தெரியும், திரும்ப வந்தா வாசல்லயே விரட்டிரும். நீ மொதல்ல கையை எடு.”

வேன் பாஸ்

ஏழாயிரம்பண்ணை பட்டாசு கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வேன் காலையில் எங்கள் தெரு முக்கில் நிற்கும். வேப்பிலை கட்டிய வீட்டு ஆளை மற்றவர்கள் ஏறவிட மாட்டார்கள். ஏற்கெனவே வந்து போனவர்களுக்கு விலக்கு உண்டு. நெற்றியிலோ கழுத்திலோ இருக்கும் தழும்பை பஸ் பாஸ் மாதிரி காட்ட வேண்டும்.

எதிர்வீட்டுச் செல்வியின் ஆறு வயது மகன் கார்த்திக்கு அம்மை போட்ட மறுநாள், அவளும் தூக்குச்சட்டியோடு வந்து நின்றாள். அவளுக்கு ஏழு மாதம். வேன் டிரைவர் அவள் முகத்தைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார். வழவழவென்று இருந்தது.

“தழும்பைக் காணோமே தாயி. வயித்துப்பிள்ளைக்காரி வேற. மொதல்ல டாக்டரைப் பாரு.”

அண்ணனின் சாட்சி

டாக்டரம்மா பயமுறுத்தவில்லை, மறைக்கவும் இல்லை. இதுவரை வராதவளுக்கு இப்போது வந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. வந்து போயிருந்தால் கவலை இல்லை. தெரியும்வரை மகன் பக்கமே போகக்கூடாது. ரத்தம் எடுத்து மதுரைக்கு அனுப்பினார்.

செல்வி அண்ணன் வீட்டுக்குப் போனாள். கார்த்தி என்னிடம் தினமும் கேட்டான், “எங்கம்மா எப்ப வரும்?” மூன்று நாள் அந்தக் கேள்விக்கு நான் கஞ்சியைத்தான் பதிலாக ஊட்டினேன். சின்ன வயதில் அவளுக்கு வந்ததா என்று சொல்ல வேண்டிய செல்வியின் அம்மா எப்போதோ இறந்துவிட்டார். பொறுக்காமல் அண்ணனையே போய் விசாரித்தேன்.

“வந்திருக்கும். வராமலும் இருந்திருக்கும். எல்லாரும் தீப்பெட்டி ஒட்டிக்கிட்டு இருந்தோம், யாரு பாத்தா?”

மதுரையிலிருந்து வந்த தாள்

நான்காம் நாள் தாள் வந்தது. செல்விக்கு எப்போதோ அம்மை வந்திருக்கிறது. நாலைந்து கொப்புளத்தோடு, தழும்புகூட வைக்காமல் போயிருக்கலாம். “அந்த வைரஸை ஞாபகம் வச்சிருக்கிற அணுக்கள் இன்னும் காவல் இருக்கு. திரும்ப உள்ள வந்தா, அது பெருகுறதுக்குள்ள பிடிச்சிரும்” என்றார் டாக்டரம்மா.

எனக்குப் புல்லரித்துவிட்டது. பெற்றவள் இல்லை, அண்ணனுக்குத் தெரியாது, அவளுக்கே நினைவில்லை. யாருமே பார்க்காத ஒரு காய்ச்சலை அவள் உடம்பு மட்டும் இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருக்கிறது. செல்வி அந்தத் தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, நேரே மகனிடம் போய்ப் படுத்தாள். நான் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது சொன்னாள்.

“எங்கம்மா இருந்தாத்தான் சொல்ல முடியும்னு நெனச்சேன் அக்கா. என் ரத்தமே சொல்லிருச்சு.”

கண்ணுக்குத் தெரியாத அணுவுக்கு இருக்கிற ஞாபகசக்தி, கல்யாணத்துக்கு முன்பே தனக்கும் சின்னம்மை வந்ததென்று ஊரெல்லாம் சொல்லிய என் மாமியாருக்கு மட்டும் இல்லாமல் போயிற்று.

“மாமி, உங்களுக்கும்தான் வந்து போயிருக்கே. இந்தக் கஞ்சியை ஒருக்கா நீங்க கொண்டுபோய்க் குடுத்துட்டு வாரீகளா? மாமி?”