தையலுக்குள் போன வரி

துரோகி மகன் என்று தெருவே கூப்பிட்டதால்தான் பைண்டர் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டார். தந்தி ஆபீஸில் வேலை பார்த்த அப்பா எதிரிக்குச் செய்தி கடத்தினார் என்று போர்க்காலத்தில் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் திரும்பவில்லை. பைண்டரை வளர்த்தது சித்தப்பா. அவர் ஒரு நாளும் அப்பா பேச்சை எடுத்ததில்லை. ஐம்பது வயதாகியும் பைண்டருக்கு அந்தக் கடுப்பு ஆறவில்லை.

ஆவணக் காப்பகத்தில் பிய்ந்துபோன கோப்புகளைத் தைப்பது அவர் வேலை. தைக்கிற தாளைப் படிக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். படித்தால் வயிறெரியும் என்று அவரும் படித்ததில்லை.

அங்கேதான் எழுத்தாளர் அம்மா வந்தார். அந்தப் போரின் உளவாளிகளையும், பிறகு அவர்கள் குடும்பங்கள் பட்ட பாட்டையும் ஏழு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடிக்கு ஒரு பக்கம் நூல்தான் பிடி. ஓயாத இருமல் வேறு.

"செத்தவங்களைத் தோண்டி என்னம்மா கிடைக்கப்போகுது?" என்று பைண்டர் ஒருநாள் சிடுசிடுத்தார்.

"உயிரோட இருக்கிறவங்க கிடைக்கிறாங்க, அண்ணே. உங்களை மாதிரி."

அவர் யார் மகன் என்று அந்தம்மா எப்போதோ கண்டுபிடித்திருந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை அப்பாவின் விசாரணைக் கோப்போடு பைண்டரின் மேசைக்கே வந்துவிட்டார். ஓரத்தில் ஒரு பென்சில் வரி தொடங்கி, தையலுக்குள் போய் மறைந்திருந்தது.

"இதைத் தைச்சது யாரு?"

பைண்டர் முடிச்சைத் தடவிப் பார்த்தார். "நான்தான். உதிரக் கூடாதுன்னு உள்ள தள்ளித் தைச்சேன்."

"நல்லாத் தைச்சீங்க போங்க! எலி கடிச்சிருந்தாகூட கொஞ்சம் மிச்சம் வெச்சிருக்கும்."

பைண்டர் நூலை அறுத்தார். எழுத்துக்கூட்டிப் படித்தார்: 'ஆள் மாறிவிட்டது. செய்தி கொடுத்தது இவனல்ல, இவன் தம்பி.'

அப்பாவுக்கு ஒரே தம்பிதான்.

சித்தப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். ஆனால் சித்தி இருக்கிறாள். பையில் இருந்த மதியச் சாப்பாடு அவள் கட்டிக்கொடுத்தது. அப்பா பேரைத் துடைத்தால் அந்த அழுக்கு அவள் வாசலில்தான் விழும்.

"புத்தகத்துல போடுவீங்களா?"

"நீங்க சொல்லாம போட மாட்டேன்."

இரண்டு மாதம் போனது. அந்தம்மா ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டதும் பைண்டர் போய்க் கட்டிலருகே நின்றார்.

"சித்தி இருக்கிற வரைக்கும் வேணாம்மா. அவங்க கையால தின்னு வளர்ந்தவன் நான்."

"அதுவரைக்கும் நான் இருக்க மாட்டேன், அண்ணே." இருமல் அடங்கக் கொஞ்ச நேரமானது. "சரி, எனக்காக ஒண்ணு செய்ங்க. அந்தக் கோப்பை மறுபடி தைங்க. ஓரத்துல ஒரு விரல் இடம் விட்டுத் தைங்க."