தன் வீட்டுக்குச் சொன்ன குறி

ரெட்டியார்சத்திரம் பக்கம் கோடாங்கி கண்ணுசாமியைத் தெரியாதவர்கள் குறைவு. சாமி இறங்கி, உடுக்கை அடித்துக் குறி சொல்வார். திண்டுக்கல்லில் ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ ஓட்டும் எனக்கு அவரால் நல்ல சவாரி. பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் டாக்டர் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொள்வார்கள். காரியம் முடிந்த கையோடு அவரிடம் போகச் சொல்வார்கள். எனக்குச் சாமியும் கிடையாது, பூதமும் கிடையாது. "ஏண்ணே, ஊரை ஏமாத்துறீகளே" என்று அவரிடமே சொல்லியிருக்கிறேன். சிரித்துக்கொள்வார்.

ஆனால் காய்ச்சல் என்று வந்தவர்களுக்கு உடுக்கையைத் தொடமாட்டார். "ஏலே, இவுகளை ஆஸ்பத்திரியில கொண்டுபோய் விடு" என்று என் வண்டியிலேயே திருப்பி அனுப்புவார். செத்துப்போனவர்களுக்குத்தான் குறி. விரதம் தப்பியது, குலசாமியை மறந்தது என்று ஏதோ ஒரு குற்றம் யார் தலையிலாவது விழும். கேட்டவர்கள் அழுது தீர்த்துவிட்டு எழுந்து போவார்கள்.

போன ஐப்பசியில் அவர் மகள் ஜீவிதாவுக்கே டெங்கு வந்தது. காலேஜில் படித்துக்கொண்டிருந்த பெண். உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்தார். டாக்டரம்மா குறை சொல்ல முடியாதபடி பார்த்தார். பிழைக்கவில்லை. பாழாய்ப்போன கொசு.

காரியம் முடிந்த அன்று நானும் அங்கே இருந்தேன். சோறு தண்ணியில்லாமல் சுருண்டு கிடந்த அவர் மனைவி மூக்காயி எழுந்து, உடுக்கையை அவர் முன்னால் வைத்தாள்.

"கொசு ஊருக்கெல்லாந்தேன் கடிச்சுச்சு. எம் புள்ளைய மட்டும் ஏன் கொண்டுபோச்சு? ஊருக்கெல்லாம் சொல்றீகள்ல, எனக்குச் சொல்லுங்க."

"அதான் டாக்டரம்மா சொன்னாகள்ல, மூக்காயி."

"எப்படிப் போனான்னுதேன் சொன்னாக. நான் தீட்டோட விளக்குக் கிளக்கு ஏத்திட்டேனா? எங்குத்தமா?"

உடுக்கையை எடுத்து மடியில் வைத்தார். பிறகு அடித்தார். சாமி குரல் வந்தது.

"பங்குனித் திருவிழாவுல காப்புக் கட்டுன கையோட உம் புருசன் கறி தின்னான். அவன் குத்தந்தேன். உன் குத்தமில்ல, தாயி."

மூக்காயி மண்ணை அள்ளி அவர் மேல் தூற்றினாள். அன்று சாயங்காலம் சாப்பிட்டாள். மறுநாள் குஜிலியம்பாறையில் அண்ணன் வீட்டுக்குப் போனவள் இன்னும் திரும்பவில்லை.

அந்தத் திருவிழா முழுக்க அவரை என் வண்டியில்தான் கூட்டிக்கொண்டு திரிந்தேன். மோரைத் தவிர அவர் எதையும் தொடவில்லை. நான் கறி வாங்கித் தின்றதற்கே வண்டியைக் கழுவச் சொன்ன மனுஷன்.

"ஏண்ணே பொய் சொன்னீக?" என்றேன்.

"யார் தலையிலயாச்சும் விழணும்ல, அப்பு. அவ தாங்கமாட்டா."

உண்மையைச் சொல்லி அவளை அழைத்து வந்துவிடலாம் என்று ஒருநாள் குஜிலியம்பாறைக்கு வண்டியை எடுத்தேன். சொன்னால் மறுபடியும் சோற்றை விட்டுவிடுவாளோ என்று பாதி வழியில் பயம் வந்துவிட்டது. திரும்பி வந்துவிட்டேன்.