சத்தமில்லாத ஆரம்பம்

"வெடிக்காததாப் பாத்துக் குடுங்க" என்று சொல்லிக்கொண்டே தெய்வசிகாமணி ஒவ்வொரு பலூனாக இழுத்துப் பார்க்கிறார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கிறார். ஒன்றை ஊதி, காதோரம் வைத்துக் காற்று கசிகிறதா என்று கேட்கிறார். கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஃபேன்சி கடை வைத்திருக்கும் அய்யனாருக்கு இந்தக் கூத்து பழகிப்போய்விட்டது. "சாரு, வெடிக்காத பலூன் வேணும்னா தகரத்துல செஞ்சாத்தான் உண்டு" என்கிறார். தெய்வசிகாமணி சிரிப்பதில்லை. கொஞ்ச காலம் முன்பு வரை சிரித்திருப்பார்.

கரும்பு ஆலையில் எடைமேடை குமாஸ்தா. வயது ஐம்பதை நெருங்குகிறது. சட்டைப்பையில் மைப் பேனா, கால்சட்டையில் சைக்கிள் கிளிப். மொபெட் வாங்கி வருஷக்கணக்காகியும் கிளிப்பை மட்டும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் மைக் செட்டைப் பின்னால் கட்டிக்கொண்டு, சின்னசேலம் பக்கமோ மலைமேலோ ஏதாவது ஒரு ஊருக்குப் போய்விடுவார். பள்ளிக்கூடத்து வாசலிலோ வேப்பமரத்தடியிலோ நின்று, பிரபஞ்சம் எப்படித் தோன்றியது என்று பேசுவார். யாரும் கூப்பிடுவதில்லை, அவராகத்தான் போகிறார். "உலகம் எப்போ ஆரம்பிச்சிதுன்னு தெரியுது, ரேஷன் கடை எப்போ தொறக்கும்னு கேட்டா மட்டும் தெரியல" என்பது அவர் மனைவி மணிமொழியின் நிரந்தரக் குறை.

பலூனில் பேனாவால் புள்ளி புள்ளியாக வைப்பார். ஊத ஊதப் புள்ளிகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும். "பாத்துக்குங்க, நட்சத்திரக் கூட்டமெல்லாம் இப்படித்தான் தள்ளிப் போய்க்கினே இருக்கு. அப்ப பின்னாடி போனா இன்னா ஆவும்? எல்லாம் கிட்டக் கிட்ட வரும். இன்னும் போனா ஒரே புள்ளி."

கேட்பவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. "கடுகத்தினி இருக்குங்களா?" என்பார்கள். கடுகே அதற்கு மலை என்பார். "எந்த எடத்துல இருந்துச்சி?" இடம் என்பதே அதற்குப் பிறகுதான் வந்தது என்பார். "அதுக்கும் முன்னாடி?" என்று எவராவது விடாமல் கேட்டால், "அங்க போனா கணக்கு நின்னு போவுது. தெரியலைங்க" என்று கையை விரிப்பார். மலைமேல் கரியாலூரில் ஒரு பெரியவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, "அப்ப எங்க மலையும் உங்க கள்ளக்குறிச்சியும் ஒண்ணாத்தான் கெடந்துச்சி. பஸ்ஸுக்கு நிக்காமயே வந்து போயிருக்கலாம்" என்றார். அன்று முழுக்க அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார் தெய்வசிகாமணி.

அப்போதெல்லாம் பேச்சின் உச்சத்தில் சட்டையிலிருந்து ஒரு ஊக்கை எடுப்பார். "இப்படித்தாங்க ஆரம்பம்" என்று பலூனில் குத்துவார். டமார் என்று வெடிக்கும். ஊரே அதிர்ந்து, பிறகு சிரித்துக் கைதட்டும். அந்தக் கைதட்டலுக்கு அவர் அடிமை.

போன புரட்டாசியில் இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்தது. புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். உளுந்தூர்பேட்டை வரைக்கும் லாரிகள் நகராமல் கிடந்தன. ஒரு இடத்தில் துப்பாக்கி வெடித்தது. சின்னசேலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து மறியலுக்குப் போயிருந்த கலையரசன் அதில் செத்துப்போனான். அவனுக்குச் சோறு எடுத்துக்கொண்டு போன அம்மா செல்லியம்மாள் கொஞ்ச தூரத்தில்தான் நின்றிருந்தாள்.

தை மாதம் அதே கிராமத்துக்குப் போனார் தெய்வசிகாமணி. அங்கே ஒரு பையன் செத்தது அவருக்குத் தெரியும். துக்கத்தில் இருக்கும் ஊர், நாலு நல்ல விஷயம் கேட்கட்டும் என்றுதான் போனார். ஆனால் ஊக்கை எடுத்த கைக்கு அது தெரியவில்லை. பழக்கம், குத்திவிட்டார்.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள், பக்கத்திலிருந்த பெண்ணை இழுத்துத் தரையில் அமுக்கி அவள்மேல் கவிழ்ந்துகொண்டாள். "கலை, எழுந்திருக்காதடா. எழுந்திருக்காதடா கலை" என்றாள். யாரும் கைதட்டவில்லை. அவளைத் தூக்கி வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். ஊர்ப் பெரியதனக்காரர் சின்னதுரை மைக்கின் ஒயரைத் தானே சுருட்டிக் கையில் கொடுத்தார். "தப்பா நெனச்சிக்காதீங்க சாரு. இனிமே இந்தப் பக்கம் வராதீங்க."

அதற்கப்புறம் செல்லியம்மாள் கூலி வேலைக்குக்கூட வெளியே வருவதில்லை என்று கேள்விப்பட்டார். ஆறியும் ஆறாமலும் இருந்த புண்ணைக் கிளறிவிட்டோமே என்று இவருக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயே கிடந்தார். "உலகம் இருக்கட்டும், அந்த அம்மாவப் போய்ப் பாருங்க" என்றாள் மணிமொழி. அவளாவது திட்டியிருந்தால் தேவலை.

நூலகத்தில் பழைய புத்தகங்களை மறுபடி எடுத்துப் படித்தார். படித்ததுதான், ஆனால் இதை மட்டும் கண் தாண்டிப் போயிருந்தது. ஒன்று வெடிக்க அதற்கு வெளியே ஒரு இடம் வேண்டும், உலகம் ஆரம்பித்த அன்றைக்கு வெளியே என்று ஒன்றுமே இல்லை. இடம் என்கிற வெளியேதான் விரிந்தது. கேட்க ஒரு காதும் இல்லை. "கைதட்டலுக்காக நானா வச்ச சத்தம் அது" என்று இப்போது யாரிடம் பேசினாலும் சொல்கிறார்.

மாசியில் ஒரு காலை, மைக் செட் இல்லாமல், வெறுங்கையோடு போனார். செல்லியம்மாள் வாசலில் உட்கார்ந்து மரவள்ளிக் கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். இவரை அடையாளம் தெரிந்தும் கத்தியை நிறுத்தவில்லை.

"மன்னிச்சிக்கோங்கம்மா. தெரியாம செஞ்சிட்டேன்னு சொல்ல மாட்டேன். யோசிக்காம செஞ்சிட்டேன்."

அவள் அடுத்த கிழங்கை எடுத்தாள். "அது நெஜமாவே வெடிச்சிதுங்களா?"

"எது?"

"நீங்க சொன்னீங்களே, மொதமொதல்ல. அது."

"இல்லீங்க. நான்தான் வெடிக்க வச்சேன்."

"அப்ப சத்தமே கெடையாதா?"

"கெடையாதுங்க. சும்மா விரிஞ்சிது. அவ்ளோதான்."

செல்லியம்மாள் கிழங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எம் புள்ள பொறந்தப்பகூட சத்தம் இல்லீங்க. அழவே இல்ல. செத்துதான் பொறந்திருக்குன்னு மருத்துவச்சி துணி போட்டு மூடப் போயிட்டா. அப்பறந்தான் அழுதான்."

தெய்வசிகாமணி குனிந்து, சிதறிக் கிடந்த தோலை ஒரு பக்கமாக ஒதுக்கினார்.

"சின்னதொர கிட்ட நான் சொல்றேன்" என்றாள் அவள். "வந்து ஒரு தரம் சத்தம் இல்லாம சொல்லிட்டுப் போங்க. வந்து உக்காற முடியுதான்னு பாக்கறேன். எத்தினி நாளிக்கித்தான் வூட்டுக்குள்ளயே கெடக்கறது."

பங்குனியில், வெயில் தாழ்ந்த நேரத்தில், அந்த ஊர்ப் பள்ளிக்கூட வாசலில் நின்றார். சின்னதுரை கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றிருந்தார். செல்லியம்மாள் வந்து முன்வரிசையிலேயே உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் முந்தானையை இரண்டு காதிலும் வைத்து உள்ளங்கையால் அழுத்திக்கொண்டாள். கண்ணை மட்டும் அவர் வாயிலிருந்து எடுக்கவில்லை.

அவர் மைக்கைப் போடவில்லை. பலூனை மெதுவாக ஊதினார். புள்ளிகள் விலகின. பின்னால் போகப் போக எல்லாம் ஒன்று கூடுவதைச் சொன்னார். ஊக்கை எடுக்கும் இடம் வந்தது. ஊரே மூச்சைப் பிடித்தது. முன்வரிசைப் பெண்கள் செல்லியம்மாள் பக்கம் நெருங்கி உட்கார்ந்தார்கள்.

தெய்வசிகாமணி பேச்சை நிறுத்தினார். பலூனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். எங்கோ ஒரு மாடு கழுத்தை ஆட்டிய மணிச்சத்தம் கேட்டது. அதற்குமேல் ஒன்றும் இல்லை.

செல்லியம்மாள் ஒரு காதிலிருந்து கையை எடுத்தாள்.