கறுப்புச் சால்வைக்காரன், இரண்டாம் பாகம்

ஒரு படத்துக்கு இரண்டாம் பாகம் எடுக்கலாம் என்பதே அன்றைக்கு எங்களுக்குப் புதிய சங்கதி. சினிமா என்றால் கல்யாணத்திலோ சாவிலோ முடிந்துவிட வேண்டும். முடிந்ததை மறுபடியும் ஆரம்பிக்க அது என்ன தொடர்கதையா என்று கேட்பீர்கள். கறுப்புச் சால்வைக்காரன் தொடர்கதைதான். வாராவாரம் பத்திரிகையில் சித்திரங்களாக வந்த கதை. உப்பு வியாபாரி மகன் ஒருவன், கண்ணை மட்டும் விட்டுவிட்டு முகம் முழுக்கக் கறுப்புச் சால்வையைச் சுற்றிக்கொண்டு, குதிரையேறி வந்து ஒரு கொடுங்கோல் ராஜாவைப் பாடாய்ப் படுத்துவான். அவன் முகத்தை ஓவியர் ஒரு வாரம்கூட வரைந்து காட்டியதில்லை. சால்வைக்குள் யார் முகம் இருக்கிறது என்பதைப் படிப்பவர்கள் அவரவர் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டியதுதான். கதையின் உயிரே அதில்தான் இருந்தது என்று நான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

அறுபதுகளின் தொடக்கம் அது. கோயமுத்தூரில் ஒரு மில்லை ஒட்டிய லைன் வீட்டில் இருந்தோம். ஒரே கூரை, நடுவில் சுவர் வைத்துத் தடுத்து வரிசையாக வீடுகள், எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய். என் வீட்டுக்காரர் அந்த மில்லில் மேஸ்திரி. கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு அந்த ஊரில் பேச்சுத்துணை என்று இருந்தது கொழுந்தன் ஒருவன்தான். என்னைவிட ஓரிரு வயது சின்னவன். பத்திரிகை வரும் நாளில் முதல் ஆளாக ரயிலடிக் கடைக்கு சைக்கிளை மிதித்துப் போய், என் மாமியார் கண்ணில் படாமல் சட்டைக்குள் சொருகிக் கொண்டுவந்து கொடுப்பான். படித்து முடித்ததும் சித்திரப் பக்கங்களை மட்டும் கிழித்து, மில் நூலை முறுக்கித் தைத்து நான் புத்தகமாகச் சேர்த்து வைத்தேன். அந்தப் புத்தகம் லைன் முழுக்கச் சுற்றும். மஞ்சள் கறையும் எண்ணெய்க் கறையுமாகத் திரும்பி வரும்போது நான் போடும் சத்தம் கடைசி வீடு வரை கேட்கும்.

எங்கள் லைனில் ஒரு வழக்கம் உண்டு. புதுப் படம் வந்தால் எல்லோரும் விழுந்தடித்துக்கொண்டு போகமாட்டார்கள். யாராவது ஒருத்தி முதலில் போய்ப் பார்த்துவிட்டு வந்து குழாயடியில் சொல்ல வேண்டும். அவள் சொல்வதை வைத்துத்தான் மற்ற வீடுகள் போவதும் போகாததும். அந்த வேலையை எனக்கு யாரும் கொடுக்கவில்லை, நானாகவே எடுத்துக்கொண்டேன். என்னிடம் இரண்டே தீர்ப்புதான்: தேறும், தேறாது. எனக்கு ரொம்பப் பிடித்த நடிகரின் படத்தையே ஒருமுறை தேறாது என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குள் போய் அழுதிருக்கிறேன். அதற்குப் பிறகு என் வார்த்தைக்கு மறுவார்த்தை கிடையாது.

சால்வைக்காரன் கதையை எங்கள் ஊர் ஸ்டுடியோ ஒன்று படமாக எடுத்தது. முதல் பாகம் தேறியது. நான் சொன்னேன், லைனே போனது. அந்த ஸ்டுடியோவில்தான் கொழுந்தன் சேர்ந்திருந்தான். சூலூர்ப் பக்கத்து எங்கள் மாமனாரின் சோளக்காட்டில் காளைகளோடு வளர்ந்தவன் அவன். ரேக்ளா பந்தயம் என்றால் சோறு தண்ணி வேண்டாம். சின்ன வண்டியில் ஜோடிக் காளையைப் பூட்டிக்கொண்டு, சாட்டையைக்கூடத் தொடாமல், வாலை ஒரு முறுக்கு முறுக்கியே பறக்கவிடுவான். ஸ்டுடியோவில் ஏதோ காட்சிக்கு மாட்டு வண்டி ஓட்டப் போனவன் அங்கேயே தங்கிவிட்டான். இரண்டாம் பாகத்தில் அவனுக்கு வேஷம் என்று வீட்டில் பேச்சு.

அந்தச் சமயத்தில்தான் மேட்டுப்பாளையத்தில் அவனுக்கு ஒரு பெண் பார்த்திருந்தோம். பாக்குத் தோப்பு, வாழைத் தோட்டம் உள்ள குடும்பம். பெண்ணை இவனுக்குப் பிடித்துப்போயிற்று என்றால் சாதாரணமாக அல்ல, சாப்பாட்டில் உப்பு இல்லாதது தெரியாத அளவுக்குப் பிடித்துப்போயிற்று. பெண்ணின் அப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். முதுகை நாற்காலியில் சாய்க்காமல் உட்காரும் மனிதர்.

"பையன் நல்ல பையன்தானுங்க," என்றார். "ஆனா வேஷங்கட்டற எடத்துல இருக்கறான். நாளைக்கு நம்ம தோட்டந்தொரவை மதிப்பானுங்களா? எனக்குச் சினிமா ஒண்ணும் தெரியாதுங்க. அம்மணி பாத்துச் சொன்னாச் சரியா இருக்கும்னு கேள்விப்பட்டேன். படம் வரட்டும், நானும் கூட வாரேன். வேலை சுத்தமா இருக்குதான்னு பாத்துப்போட்டு முடிவு பண்ணிக்கறனுங்க."

அவர் போன பிறகு கொழுந்தன் அடுப்படி வாசலில் வந்து நின்றான்.

"அண்ணி, எம்பட மூஞ்சி படத்துல ஒரு எடத்துலயும் தெரியாதுங்க."

"அப்புறம் என்ன வேஷம்?"

"வேஷம் நடிகருக்குங்க. அவரு குதிரைகிட்டயே போகமாட்டாரு. சால்வையச் சுத்திட்டுக் குதிரை ஓட்டறது மட்டும் நானுங்க." கொஞ்ச நேரம் நிலைக்காலைச் சுரண்டிக்கொண்டிருந்தான். "அவிய முன்னாடி, படம் தேறும்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க அண்ணி."

"தேறுனாத் தேறும்பேன்."

"தேறாட்டிங்க?"

"தேறாதும்பேன்."

"அதுக்குத்தானுங்க பயமா இருக்குது," என்றான். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அந்தப் பையனுக்காக நான் எதையும் செய்வேன். ஆனால் பொய்த் தீர்ப்புச் சொல்ல என் நாக்கு வளையாது என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

படம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்குப் போனோம்: நான், என் வீட்டுக்காரர், கொழுந்தன், பெண்ணின் அப்பா. பெண் வரவில்லை. நிச்சயமாகாத பெண்ணை மாப்பிள்ளை வீட்டாரோடு கொட்டகைக்கு அனுப்புகிற காலமா அது? கல்யாணம் கூடிவந்தால் அப்புறம் புருஷனோடு போய்ப் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டார்.

விளக்கு அணைந்தது. முதல் காட்சியிலேயே என் வயிறு எரிந்தது. சால்வைக்காரன் ஒரு குளத்தங்கரையில் வந்து நின்றான், சால்வையை உருவித் தோளில் போட்டான், முகம் முழுக்கக் காட்டிப் பாட ஆரம்பித்தான்! நடிகருக்கு முகம் தெரிய வேண்டுமாம். முகத்தைக் காட்டிவிட்டால் அவன் என்ன சால்வைக்காரன், துண்டுக்காரன்! கதையில் தனியாகப் படகு தள்ளி உப்பு கடத்துகிற பெண்ணை இவர்கள் அரண்மனை நாட்டியக்காரியாக்கிவிட்டார்கள். புத்தகத்தில் இல்லாத இரண்டு கோமாளிகள் அடிக்கொரு தரம் கிணற்றில் விழுந்தார்கள். நான் முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன். "அம்மணி, சத்தம் போடாம பாரு," என்று என் வீட்டுக்காரர் முழங்கையால் இடித்தார். பெண்ணின் அப்பா கோயிலில் உட்கார்ந்திருப்பது போல அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கோமாளிகளுக்கும் சிரிக்கவில்லை. கொழுந்தன் விரல்களைச் சொடுக்கிச் சொடுக்கி, சொடுக்க இனி விரல் இல்லாமல் தவித்தான்.

பிறகு அந்தத் துரத்தல் வந்தது. தூரதேசத்துப் பாலைவனமாம். பின்னால் தெரிந்த மலையைப் பார்த்ததும் முன்வரிசையிலிருந்து ஒரு குரல், "ஏனுங், இது நம்ம துடியலூர்ப் பக்கமுங்க!" என்றது. கொட்டகையே சிரித்தது. கிட்டத்தில் காட்டும்போது நடிகர் மரக்குதிரையில் ஆடுவது பச்சையாகத் தெரிந்தது. எட்டத்தில் காட்டும்போதுதான் நிஜக் குதிரை, நிஜப் புழுதி. அதில் வந்தவன் குனிந்த மேனிக்கு வந்த வேகத்தில் நான் முணுமுணுப்பதை நிறுத்திவிட்டேன். நாலு சிப்பாய்க் குதிரைகள் நெருங்கிவிட்டன. சால்வைக்காரன் குதிரை சற்றே தளர்ந்தது.

அப்போது அவன் வலது கை பின்னால் போனது. எதையோ தேடித் துழாவி, குதிரையின் வாலை அடியில் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கியது.

ஒரு கணம்தான். அப்புறம் கூரை பிய்த்துக்கொண்டது. அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் காளையோடு பிறந்து வளர்ந்தவர்கள். அந்த முறுக்கு என்ன முறுக்கு என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார்கள். குதிரைக்கு அந்த மரியாதை பழக்கமில்லை. திடுக்கிட்டு நின்று, பின்னங்கால் இரண்டையும் ஆகாயத்துக்கு உதைத்தது. சால்வைக்காரன் ஒரு முழம் மேலே எழும்பி, அதே இடத்தில் திரும்ப வந்து உட்கார்ந்தான். அடுத்த நொடி குதிரை அம்பாய்ப் பறந்தது. சிப்பாய்கள் எங்கேயோ போய்விட்டார்கள்.

நான் கொழுந்தனைப் பார்த்தேன். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு இருக்கைக்குள் சரிந்திருந்தான். இந்தப் பக்கம் பெண்ணின் அப்பா எழுந்து நின்றுவிட்டார். "உக்காருங்க, மறைக்குது!" என்று பின்னால் கத்தினார்கள். அவர் காதில் விழவில்லை.

படம் விட்டு வெளியே சோடாக் கடை ஓரமாக வந்து நின்றோம்.

"படம் எப்படிங்கம்மணி?" என்றார் அவர்.

கொழுந்தன் தரையைப் பார்த்தான். சட்டைக்குள் சொருகிக் கொண்டுவந்த அத்தனை பத்திரிகைகளும் எனக்கு ஞாபகம் வந்தன. இருந்தாலும் என்ன செய்ய?

"தேறாதுங்க," என்றேன். சொல்ல ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. முகத்தைக் காட்டியது, உப்புக்காரியைக் கெடுத்தது, கோமாளிகள், கிணறு என்று எல்லாவற்றையும் கொட்டினேன். "நெம்ப நல்ல கதைங்க. நாசம் பண்ணிப்போட்டாங்க."

அவர் பொறுமையாகக் கேட்டார். "அப்படீங்களா? அது எனக்குத் தெரியாதுங்க. அந்த எட்டத்துல குதிரை மேல வந்தானே, அவன் ஆருங்க?"

என் வீட்டுக்காரர் சோடாவைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்க மறந்து நின்றார்.

"நம்ம தம்பிதானுங்க," என்றேன். "கிட்டத்துல வந்தவரு நடிகரு. எட்டத்துல வந்ததெல்லாம் இவுரு."

"தெரியாமப் பண்ணிப்போட்டனுங்க," என்று கொழுந்தன் அவசரமாகச் சொன்னான். "குதிரை தளந்துச்சு, கை அதும்பாட்டுக்குப் போயிருச்சுங்க. டைரக்டரு பட்டணத்துக்காரரு, நான் சாட்டையத் தேடறேன்னு நெனைச்சுட்டாருங்க. அதை வெட்டிப்போடுங்கன்னு எத்தனையோ கெஞ்சினேன், வெட்டலீங்க. மானம் போச்சுங்க."

பெண்ணின் அப்பா அவன் வலது கையைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"உழுகாம உக்காந்தியே, அது போதும்," என்றார். அதுவரை அவனை நேரில் வாங்க போங்க என்று பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று ஒருமைக்கு வந்தது எல்லோருக்கும் கேட்டது. "எங்க போயி என்ன வேஷங்கட்டுனாலும் கையி காளையத்தான் தேடுது." பிறகு என் பக்கம் திரும்பினார். "படம் தேறாதுன்னீங்க. சரிங்கம்மணி. பையன்?"

"தேறுமுங்க," என்றேன். குழாயடியில் அத்தனை படங்களைப் பற்றி அளந்தவள், அந்த ஒரு வார்த்தைக்கு அழுதுவிட்டேன்.

மறுநாள் லைனில் தீர்ப்பு சொன்னேன்: படம் தேறாது, தம்பி குதிரையில் வருகிற இடத்துக்காகப் போகிறவர்கள் போகலாம். சிலர் போனார்கள். ஆனால் ஊர் முழுக்க என் தீர்ப்பேதான் இருந்திருக்கிறது. கல்யாணத்துக்கு நாள் குறிப்பதற்குள் படத்தைத் தூக்கிவிட்டார்கள். டூரிங் கொட்டகைக்காவது வரும் என்று பார்த்தோம். வரவே இல்லை. ஸ்டுடியோவும் கொஞ்ச காலத்தில் படம் எடுப்பதை நிறுத்தியது. கொழுந்தன் தன் மாமனாரின் பாக்குத் தோப்பைப் பார்த்துக்கொள்ளப் போனான், கடைசிவரை அங்கேயே இருந்தான்.

ஆக, யாருக்கு அந்தக் காட்சி கல்யாண மாலையை வாங்கிக் கொடுத்ததோ அவள் மட்டும் அதைப் பார்க்கவில்லை. கல்யாணமாகி வந்த புதிதிலேயே என் ஓரகத்தி கேட்டாள், "அக்கா, அவிய குதிரையில எப்படி வந்தாங்கன்னு சொல்லுங்க." சொன்னேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்து வெட்கத்தில் நெளிவான். அப்புறம் அவள் பிள்ளைகளுக்காகக் கேட்டாள். இப்போது அவன் இல்லை. அவள் மட்டும் பஸ் ஏறி என்னைப் பார்க்க வருகிறாள். மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவியதும், "அக்கா, அந்த எடத்தைச் சொல்லுங்க," என்பாள். முழங்கால் வலியோடு நான் நாற்காலியில் சாய்ந்து, வலது கையைப் பின்னால் விட்டுத் துழாவி, வாலைப் பிடித்து முறுக்குவேன். அவள் கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரிப்பாள்.

கொஞ்ச நாளாகத்தான் நானே கவனிக்கிறேன். குதிரை உதைத்து, அவன் மேலே எழும்பித் திரும்ப வந்து உட்காருகிற இடத்தில், நான் சொல்லும்போது சால்வை நழுவிவிடுகிறது. காற்றில் அது பறந்துபோக, முகம் முழுக்கத் தெரிகிறது என்று சொல்கிறேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு, என் முகத்தையே உற்றுப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருப்பாள். புத்தகத்திலும் அப்படி இல்லை, படத்திலும் அப்படி இல்லை. வேறு யாராவது அப்படி மாற்றியிருந்தால் தேறாது என்று எழுந்து வந்திருப்பேன்.