நித்திரையில் தொட்ட கல்

நித்திரையில் இருக்கும் பிள்ளையின் கையைப் பிடித்துத் தொடவைத்தால் நேர்த்திக்கடன் நிறைவேறியதாகுமா? இத்தாலியிலிருந்து திரும்பி எட்டு மாதமாகியும் எனக்குப் பதில் தெரியவில்லை.

மகள் நாள் நிறையுமுன்னே பிறந்து, இங்கே மொன்றியலில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது வைத்த நேர்த்தி அது. பிள்ளை தப்பினால் இத்தாலியின் பதுவை நகருக்குக் கூட்டிக்கொண்டுபோய், கோடி அற்புதர் என்று நாங்கள் கும்பிடும் புனிதரின் கல்லறையை அவள் தன் கையாலேயே தொடச் செய்வேன் என்று.

அவளுக்கு நான்கு வயதானதும் போனோம். பதுவையில் சுவரெல்லாம் ஓவியம் தீட்டிய சிற்றாலயம் ஒன்று இருக்கிறது. கலை வரலாறு படித்த காலத்திலிருந்தே அதைப் பார்க்க எனக்கு ஆசை. காலை நேரத்துக்கு மட்டுமே நுழைவுச்சீட்டு கிடைத்தது. நேர்த்தியைப் பின்னேரத்துக்குத் தள்ளிவிட்டேன்.

உள்ளே கால்மணி நேரம்தான் விடுவார்கள். கூரை முழுவதும் நீலம், அதில் பொன் நட்சத்திரங்கள். எழுநூறு வருடப் பழைய நீலம், இன்னும் ஈரம் காயாததுபோல இருந்தது. சுவரில், ஒரு நகர வாசலடியில், வயதான கணவனும் மனைவியும் முகத்தோடு முகம் வைத்து நின்றார்கள். பிள்ளை கிடைக்கப்போகிறது என்று கேட்ட முகங்கள். எனக்கு நீருக்கடியில் நடப்பதுபோல் இருந்தது. மகள் என் இடுப்பிலிருந்தபடி கூரையை நோக்கிக் கையை நீட்டினாள். எட்டவில்லை. எட்டாத விரல்களைத் தன் உதட்டில் வைத்தாள், ஞாயிறுகளில் நாங்கள் கோயிலில் புனிதர் சுரூபத்தைத் தொட்டு முத்தி செய்வதுபோல.

பின்னேரம் புனிதரின் பேராலயத்தில் நீண்ட வரிசை. கல்லறையை நெருங்கியபோது அவள் தகப்பனின் தோளில் நல்ல நித்திரை.

"எழும்பு செல்லம், வந்திட்டம்" என்று கன்னத்தைத் தட்டினேன். அசையவில்லை. பின்னால் ஆட்கள் நெருக்கினார்கள். அந்தச் சின்னக் கையை எடுத்துக் குளிர்ந்த கல்லில் வைத்தேன்.

"தொட்டாச்சுதானே? பிள்ளை முழிச்சிருந்ததோ எண்டு புனிதர் விசாரிக்கப் போறாரோ?" என்று கணவர் சிரித்தார்.

திரும்பி வந்ததும், மொன்றியல்-நோர் பகுதியில் இருக்கும் அவருடைய அக்கா அப்படி விடவில்லை. "நீர் நேர்த்திக்குப் போனனீரோ, சுவர் பாக்கப் போனனீரோ? காலமை கோயிலுக்குப் போயிருந்தால் பிள்ளை முழிச்செல்லோ இருந்திருக்கும்!"

"ஓம் மச்சாள்" என்றேன். அதன்பின் மகளுக்குச் சளி பிடித்தாலும் அந்தக் கல்தான் நினைவுக்கு வருகிறது.

மகளுக்கோ கல்லறை நினைவிலேயே இல்லை. காலையில் கார்டெரியில், பிள்ளைகள் காப்பகத்தில், விடப் போகும்போது, வானம் தெளிந்த நாட்களில், தெருவில் நின்று கையை மேலே நீட்டி விரல்களை முத்தமிடுகிறாள். "அம்மா, அந்தக் கோயில்" என்கிறாள். மனம் ஆறுகிறது. வீடு திரும்புமுன் மறுபடி கலங்கிவிடுகிறது.

அவளாக நீட்டிய கை எட்டவில்லை. கல்லில் பட்ட கையோ நான் வைத்தது. இரண்டையும் சேர்த்து ஒரு நேர்த்தியாக எடுத்துக்கொள்ளலாமா, இல்லை மறுபடியும் போகத்தான் வேண்டுமா? நேர்த்தி வைத்துப் பிள்ளை வளர்த்தவர்கள் இதை வாசித்தால், தயவுசெய்து எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.