பேய்க்கு வைத்த மெழுகுவர்த்தி

கம்பெனி என்னை ஒரு வருடம் வேல்ஸுக்கு அனுப்பியிருந்தது. வேலை, மென்பொருள் சோதனை. அதாவது பிறர் எழுதியதில் எங்கே உடைகிறது என்று கண்டுபிடித்து, பட்டியல் போட்டு, அவர்கள் முகம் சுளிக்கும்வரை அனுப்பிக்கொண்டே இருப்பது. வார இறுதியில் மழையைப் பார்ப்பதைத் தவிர அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை. உடன் வேலை பார்த்த இரண்டு பெண்கள் பரிதாபப்பட்டு என்னைக் கைவிடப்பட்ட சிற்றாலயங்களைப் பார்க்கக் கூட்டிப்போனார்கள். சுரங்கங்கள் மூடி, ஊர் காலியாகி, ஆராதனைக்கு ஆளில்லாமல் பூட்டிப்போன ஜெபக்கூடங்கள் அந்த மலைச்சரிவுகளில் நிறைய நிற்கின்றன. உள்ளே புறா எச்சம் படிந்த பெஞ்சுகள், ஈரத்தில் ஊதிப்போன பாட்டுப் புத்தகங்கள். அந்தப் பெண்களுக்கு மூன்று விதிகள் இருந்தன.

ஒன்று, எதையும் எடுக்காதே. இரண்டு, எதையும் விட்டுவிட்டு வராதே. மூன்று, இடத்தை யாருக்கும் சொல்லாதே.

யாராவது கல்லெறிந்து ஜன்னல் உடைந்திருந்தால் மட்டும் கார் டிக்கியிலிருந்து பலகை எடுத்துவந்து அடிப்பார்கள். திருடர்களைப் போலச் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு அவர்கள் ஆணி அடித்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

திரும்பி வந்து வானகரத்தில் ஒரு ஃப்ளாட்டில் ஈரோட்டுத் தோழி ஒருத்தியோடு குடியேறினேன். அவளிடம் ஸ்கூட்டர் இருந்தது, என்னிடம் பட்டியல் இருந்தது. சனிக்கிழமைதோறும் பூந்தமல்லி, ஆவடி பக்கம் கைவிடப்பட்ட சிற்றாலயம் தேடிப் போனோம். கைவிடப்படுவது என்பது நம் ஊரில் அவ்வளவு எளிதல்ல என்று அப்போதுதான் தெரிந்தது. முதலாவது, பிளாஸ்டிக் நாற்காலிகள் வைக்கும் குடோன். இரண்டாவது, பத்தாம் வகுப்பு டியூஷன் சென்டர். மூன்றாவதில் ஜன்னல் வழியாக எட்டிப்பார்த்தபோது போதகரே பெஞ்சில் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

நான்காவதுதான் சரியானது. கோவில்பதாகைக்கும் முத்தாபுதுப்பேட்டைக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. அதற்கு மேல் சொல்ல மாட்டேன், மூன்றாவது விதி. வெள்ளைக்காரர் காலத்துச் செங்கல் கட்டடம். சபை வளர்ந்து பெரிய ஆலயம் கட்டிக்கொண்டு போய்விட்டதால் இதைப் பூட்டிவைத்திருந்தார்கள். பீடத்துக்குப் பின்னால் வளைந்த ஜன்னல், அதில் பதினொரு வண்ணக் கண்ணாடிகள். ஏழு முழுசாக இருந்தன.

நான் எண்ணிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

“இன்னாத்த எண்ணிக்கினு கீறே? ஆட்டையா?”

காவலுக்கு இருந்த அக்கா. நாற்பத்தைந்து வயதிருக்கும். கூடவே நான்கு ஆடுகள். போதகர் அங்கி மாற்றிக்கொள்ளும் வெஸ்ட்ரி என்ற சின்ன அறைதான் அவருக்கு வீடு. புருஷன் போனபின் சபைக் கமிட்டி அந்த அறையைக் கொடுத்து, காவலும் பார்க்கச் சொல்லியிருந்தது.

“கண்ணாடிய எண்ணுறேன் அக்கா.”

“எண்ணு எண்ணு. வர்றவன் அல்லாம் பேய எண்ணத்தான் வர்றான். நீயாச்சும் கண்ணாடிய எண்ணு.”

அவர் சொன்னது எங்களுக்குப் புரியவில்லை. அடுத்த சனிக்கிழமை புரிந்தது. நாங்கள் போனபோது மூன்று வாலிபர்கள் வளாகத்துக்குள் இருந்தார்கள். ஒருவன் படம் பிடிக்க, ஒருவன் விளக்குப் பிடிக்க, ஒருவன் பயப்பட. சாயங்காலம் நாலு மணிக்கு எடுத்து, பிறகு கம்ப்யூட்டரில் நள்ளிரவாக்கிவிடுவார்களாம்.

“மாமே, கண்ணாடி ஒண்ணு ஒட்ச்சா போதும்டா. சவுண்டு சும்மா அள்ளும்.”

“ஓனர் வந்துட்டா?”

“பேய்தான்டா ஓனரு!”

நான் கத்துவதற்குள் கல் போய்விட்டது. நீலக் கண்ணாடி. ஏழு, ஆறாயிற்று. சத்தம் கேட்டு அக்கா வெஸ்ட்ரியிலிருந்து துடைப்பத்தோடு, தலைமுடி விரித்தபடி, “டேய் பேமானி!” என்று ஓடிவந்தார். பின்னாலேயே ஆடுகள். வாலிபர்கள் தப்பித்து ஓடினார்கள். ஆனால் ஓடும்போதும் கேமராவை நிறுத்தவில்லை. மூன்றாம் நாள் இணையத்தில் படம் வந்தது. ஆவடி அருகே நிஜச் சூனியக்காரி, ஆட்டு ரூபத்தில் நான்கு ஆவிகள்.

அக்கா என் போனில் அதை மூன்று தடவை பார்த்தார்.

“மூஞ்சி நல்லாத்தான் கீது. சீலைதான் பழ்சு” என்றார்.

ஆனால் அதே வாரம் கமிட்டியிலிருந்து ஒரு கடிதமும் வந்திருந்தது. படிக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார். இன்னும் ஒரு கண்ணாடி உடைந்தால் ஜன்னல்களை எல்லாம் ஹாலோபிளாக் வைத்து அடைத்து, வெஸ்ட்ரியோடு சேர்த்துக் கட்டடத்தைப் பூட்டிவிடுவோம் என்று எழுதியிருந்தார்கள்.

படித்து முடித்ததும் அக்கா சிரிக்கவில்லை. “பூட்டிட்டா நான் ஆட்ட இட்டுகினு எங்க போவேன்?” என்று மட்டும் கேட்டார்.

அன்று திரும்பும் வழியெல்லாம் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து யோசித்தேன். கேமரா வைக்கலாம் என்றால் கட்டடத்தில் மின்சாரம் இல்லை. நாய் வளர்க்கலாம் என்றால் ஆடுகள் ஒத்துக்கொள்ளாது. போலீசில் புகார் கொடுக்கலாம் என்றால், பேயைப் படம் பிடித்தார்கள் என்று எழுதித் தருவதா?

“பேசாம சாமி ஆக்கிருடி” என்றாள் தோழி, முகப்பேர் சிக்னலில். “எங்கூர்ல ஒரு கல்லுக்கு மஞ்சளப் பூசி வெச்சுட்டாப் போதும். அப்புறம் ஒருத்தனும் அதுமேல கால வெக்க மாட்டான்.”

“நாங்க மஞ்சள் எல்லாம் பூசக் கூடாதுட்டி.”

“அப்ப உங்காளுங்க என்னதான் பண்ணுவீங்க?”

“ஒண்ணும் பண்ண மாட்டோம். பாட்டுப் பாடுவோம், காணிக்கை போடுவோம், வீட்டுக்குப் போயி சாப்பிடுவோம்.”

நான் திருநெல்வேலிப் பக்கத்துப் புராட்டஸ்டன்ட் குடும்பம். மெழுகுவர்த்தி, மாலை, நேர்ச்சை எல்லாம் எங்களுக்குக் கத்தோலிக்கர் விஷயம். அம்மா கேள்விப்பட்டால் ஒரு வாரம் போனை எடுக்க மாட்டாள். ஆனாலும் அடுத்த சனிக்கிழமை வாசல்படியில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன், கதவுக் கிராதியில் ஒரு முழம் மல்லிகை கட்டினேன். தோழி தன் பங்குக்கு ஒரு சீட்டு எழுதிச் செருகினாள்: “நன்றி. வேலை கிடைத்தது. இப்படிக்கு ஒரு சகோதரி.” அதில் பொய் ஒன்றுமில்லை. எனக்கு வேலை கிடைத்திருந்தது, ஆறு வருடத்துக்கு முன்பு.

இரண்டாவது விதியை மீறுகிறோமே என்று கொஞ்சம் உறுத்தியது. அவ்வளவுதான்.

அடுத்த வாரம் ஒன்பது மெழுகுவர்த்திகள் இருந்தன. அதற்கடுத்த வாரம் எண்ண முடியவில்லை. கிராதியில் வேண்டுதல் பூட்டுகள், வாசல் வேப்பமரத்தில் மஞ்சள் துணித் தொட்டில்கள். புர்கா போட்ட ஒரு பெண் சாவி நுழையும் ஓட்டையில் ஊதுவத்தி செருகிவிட்டுப் போனாள். சக்தி வாய்ந்த கோயில் என்று முத்தாபுதுப்பேட்டை வரை பேச்சு போய்விட்டது. பேய்க்காரர்கள் மறுபடி வந்தார்கள். கூட்டத்தைப் பார்த்துவிட்டு ஓரமாக நின்றார்கள். பயப்படுகிறவன் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் முட்டிபோட்டான்.

“இன்னா நைனா, பேய் தேடுறியா?” என்று கேட்டார் அக்கா.

“இல்லக்கா. மூணு அரியர் கீது.”

கண்ணாடி ஆறும் பத்திரமாக இருந்தன. கெட்டுப்போனது சுவர்தான். மாணவர்கள் வந்து தேர்வுப் பதிவெண்ணை எழுதினார்கள். பேனாவால் எழுதியவர்கள் பரவாயில்லை, காம்பஸால் கீறியவர்களும் உண்டு. பேய்க்காரர்கள் ஒரு நாளில் செய்ததைப் பக்தர்கள் நிதானமாக, கண்ணை மூடி ஜெபித்துவிட்டுச் செய்தார்கள்.

எனக்குத் தெரிந்த வழியில் அதைத் தடுக்கப் பார்த்தேன். ஒரு நீள நோட்டு வாங்கிக் கோடு போட்டு, கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன். மேலே, “சுவரில் எழுத வேண்டாம். இதில் எழுதவும்.” கட்டங்கள்: வரிசை எண், தேதி, வேண்டுதல், நிலை. கடைசிக் கட்டத்தில் ‘நிலுவை’ அல்லது ‘முடிந்தது’ என்று எழுத வேண்டும். ஆபீஸ் பழக்கத்தில் போட்டுவிட்டேன். ஜனங்கள் சிரத்தையாக நிரப்பினார்கள். பதினான்காம் எண்: மாமியார் ஊருக்குப் போக வேண்டும், நிலுவை. பதினைந்து: மருமகள் திருந்த வேண்டும், நிலுவை. இரண்டும் ஒரே முகவரியாக இருக்குமோ என்று தோழிக்குச் சந்தேகம்.

கமிட்டிக்குச் செய்தி போகாமல் இருக்குமா? கண்ணாடி உடையாவிட்டாலும் அடைத்துவிடுவது என்று முடிவாகிவிட்டது. ஒரு சனிக்கிழமை காலை செயலர் வந்து இறங்கினார். பின்னாலேயே ஒரு மினி லாரி, அதில் ஹாலோபிளாக், சிமென்ட் மூட்டை, கொத்தனார். செயலர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், முழுக்கைச் சட்டை, கையில் குடை. பூட்டுகளைப் பார்த்தார், தொட்டிலைப் பார்த்தார், நோட்டைப் புரட்டினார். பதினான்காம் எண்ணில் ஒரு கணம் நின்றார்.

“இது நம்ம வழக்கமா? யார் ஆரம்பிச்சது இதை?”

அக்கா ஆட்டைப் பார்த்தார். தோழி என்னைப் பார்த்தாள். லாரிக்காரர் பின்கதவைத் திறந்துவிட்டார்.

“நான்தான் ஐயா” என்றேன். “கண்ணாடியை யாரும் உடைக்கக் கூடாதுன்னு ஒரே ஒரு மெழுகுவர்த்தி வெச்சேன். மிச்சமெல்லாம் தானா வந்துருச்சு.”

“நீ எந்தச் சபை?”

சொன்னேன்.

“புராட்டஸ்டன்ட் பிள்ளை!” என்றார். குடையால் கொத்தனாருக்கு ஜன்னலைக் காட்டினார். அக்கா மெதுவாக வெஸ்ட்ரிக்குள் போய்த் தன் பாத்திரங்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கத் தொடங்கினார். அந்தச் சத்தம் வெளியே கேட்டது. ஜன்னலைக் காப்பாற்றுகிறேன் என்று அக்காவின் வீட்டை நானே பறித்துக் கொடுத்துவிட்டேன்.

அப்போதுதான் வேப்பமரத்தடியில் காத்திருந்த ஒரு பெண், நாலு வயசுப் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு செயலரிடம் வந்தாள்.

“ஃபாதர், எம் புள்ளைக்கு ரெண்டு வார்த்த சொல்லுங்கோ.”

“நான் ஃபாதர் இல்லம்மா.”

“அப்போ பிரதரா?”

“பிரதரும் இல்ல.”

“பரவால்ல, சொல்லுங்கோ. நாளைக்கு இவனுக்குக் காதுல ஆப்ரேசனு.”

செயலர் குடையைப் பார்த்தார், பையனைப் பார்த்தார். பிறகு குடையைக் கொத்தனாரிடம் கொடுத்துவிட்டு, “உள்ளே வாங்க” என்றார். கதவைத் திறந்தார். எங்கள் சபைப் பெரியவர்களுக்குச் சுருக்கமாக ஜெபிக்கத் தெரியாது. பையனின் காதில் தொடங்கி, டாக்டரின் கை, நர்ஸ், ஆஸ்பத்திரி மின்சாரம், தமிழ்நாட்டின் ஏரிகள் என்று போய்க்கொண்டே இருந்தது. கொத்தனார் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். வெளியே நின்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். தூசி பறந்தது, யாரோ தும்மினார்கள். ‘ஆமென்’ என்று அத்தனை பேரும் ஒன்றாகச் சொன்னபோது செயலர் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார். பெஞ்சுகள் நிறைந்திருந்தன.

வெளியே வந்தவர் கொஞ்ச நேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

“மேஸ்திரி, ஜன்னலை விடுங்க. அந்தக் கல்லை வெச்சு மரத்தடியில இடுப்பளவுக்கு ஒரு மேடை கட்டுங்க. மெழுகுவர்த்தி எல்லாம் அங்கேதான். கட்டடத்துக்குக் கிட்டே நெருப்பு வரக் கூடாது. சனிக்கிழமை சாயங்காலம் நானே வந்து ஜெபம் வெக்கிறேன். எழுதுறது, பூட்டுறது ஒண்ணும் வேண்டாம்.” என் பக்கம் திரும்பினார். “நீ சுவரைச் சுத்தம் பண்ணு. எல்லா நம்பரும் போகணும்.”

அக்கா வெஸ்ட்ரி வாசலில், அடுக்கிய பாத்திரங்களோடு நின்றார். “ஐயா, அப்போ என் ரூமு?”

“ரூம் இருக்கட்டும். சனிக்கிழமை கதவைத் திறக்க ஆள் வேணுமே. ஆனா ஆடு உள்ளே வரக் கூடாது.”

“ஆடு எதுக்கு ஐயா உள்ள வருது?” என்றார் அக்கா, ஒரு ஆடு அவர் காலுக்கும் நிலைக்கும் நடுவே புகுந்து உள்ளே போய்க்கொண்டிருக்கும்போதே.

செயலர் பார்க்கவில்லை, அல்லது பார்க்காதது போல் லாரிப் பக்கம் நடந்தார்.

நானும் தோழியும் நான்கு சனிக்கிழமை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம். அக்கா படியில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார்.

“அந்த மூலையில ஒரு நம்பர உட்டுட்டே பாரு மே. அழுத்தித் தேயி. பாவம், அவன் பாஸாயிட்டான்னு நெனைக்கிறேன், இனிமே அவனுக்கு வேணாம்.”