சிலிண்டர் மாமா கொடுத்த கோணல் பல்

சிலிண்டர் மாமா, டாக்டரம்மாவுக்கு ஒரு பல் கடன்பட்டிருந்தார். பணமாக இருந்தால் அன்றைக்கே தீர்த்துவிட்டு மீசையை முறுக்கியிருப்பார். பட்டது பல்லாயிற்றே!

நாலாம் வகுப்பைத் தாண்டாதவர். முதுகில் சிலிண்டர் சுமந்து, தள்ளுவண்டி வாங்கி, சொந்த லாரிவரை தானே ஏறி வந்தவர். அப்படிப்பட்ட ஆளை எந்தப் பள்ளிக்கூடமும் உருவாக்கிவிட முடியாது. பல் மருத்துவக் கல்லூரியின் ஆய்வறைக்கு நைட்ரஜன் சிலிண்டர் போடுவதும் அவர்தான்.

பிடுங்கிய பல்லின் வேரில் மெல்லிய சதை ஒட்டியிருக்கும். பல்லை எலும்போடு பிடித்து வைப்பது அதுதான். அதிலுள்ள செல்கள் எலும்பும் கட்டும். அந்த அறையில் ஆராய்ச்சி செய்யும் டாக்டரம்மா அவற்றைத் தட்டுகளில் வளர்த்தார். பாதித் தட்டுகள் நல்ல காற்றில். மீதி, நைட்ரஜன் விட்டு ஆக்சிஜனைக் குறைத்த பெட்டியில். பழுத்த ஈறுக்குள் ஆக்சிஜன் குறையுமாம். அப்போது எலும்பு கட்டும் வேலை என்னவாகும்? அதுதான் கேள்வி.

இதைக் கேட்ட மாமாவுக்கு மனசு தாங்கவில்லை. டாக்டரம்மா அந்தப் பக்கம் போனதும் பெட்டியைத் திறந்து, தோள்துண்டால் ஆசைதீர விசிறிவிட்டார்.

"ஐயோ மாமா! என்ன பண்றீங்க?"

"பாவம்மா, மூச்சு முட்டிச் செத்துடப் போகுது."

"அதுங்களுக்கு மூச்சு முட்டணும்னுதானே உங்ககிட்ட நைட்ரஜனே வாங்குறேன்!"

துண்டுத் தூசியில் தட்டுகள் எல்லாம் பாழ். முடிவு காட்டாவிட்டால் அறையை மூடுவோம் என்று கல்லூரி ஏற்கெனவே மிரட்டியிருந்தது. மூடினால் டாக்டரம்மாவின் உழைப்பும் போச்சு, மாமாவுக்குக் கல்லூரி தரவேண்டிய சிலிண்டர் பாக்கியும் போச்சு.

"என் வாயில ஒண்ணு கோணலா முளைச்சுக் கன்னத்தைக் கடிக்குது. எடுத்துக்கங்க! இந்தக் கட்டைக்கு ஒரு பல்லு பெரிசா?" என்றார். சொல்லிவிட்டு, ஊசிக்குப் பயந்து அந்தத் தெருப் பக்கமே தலைகாட்டவில்லை.

மனைவி விடவில்லை. "லாரியையே தள்ளுவேன்னு பீத்திக்கிறீங்க, ஊசியைப் பார்த்தா தொடை நடுங்குதா? வாய் திறந்து வாக்குக் கொடுத்தீங்கல்ல, அதே வாயைத் திறந்து பல்லையும் கொடுங்க!"

கொடுத்தார். செல்கள் செழித்தன. "என் செல்லு காத்தே இல்லாட்டியும் எலும்பு கட்டும், பாருங்க" என்று சவால் வேறு.

சாயம் ஊற்றும் நாள் வந்தது. எலும்புச் சத்து படிந்த இடம் சிவக்கும். காற்றிலிருந்த தட்டு குங்குமமாய்ச் சிவந்தது. பெட்டித் தட்டு வெளிறிக் கிடந்தது.

மாமா முகம் சுருங்கிவிட்டது. "மானத்தை வாங்கிட்டானுங்களே!"

"இந்த வித்தியாசத்துக்குத்தான் மாமா நான் தவம் கிடந்தேன். இன்னும் பல பேர் பல்லுல பார்க்கணும். ஆனா அறையை இனி மூட மாட்டாங்க."

"அப்படியா?" மீசை மறுபடி நிமிர்ந்தது. "காத்துல இருந்தவனைப் பாருங்க, என்னா சிவப்பு! நம்ம ரத்தமாச்சே!"

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே அவரை அலுவலகத்துக்கு அழைத்துப் போனார். காசாளர் சிலிண்டர் பாக்கியை நோட்டு நோட்டாக எண்ணி அவர் கையில் வைத்தார். கடைசி நோட்டு விழும்வரை மாமா உள்ளங்கையை மூடவே இல்லை.